கிறிஸ்துமஸ் நாளில் அடைபட்ட வாசல்

அண்டை வீட்டு ஜன்னல் கண்ணாடியை ஒரு சிறுவன் கல்லெறிந்து உடைத்துவிட்டான் என்று புகார் வரும்போது, "ஏதோ விளையாட்டாகச் செய்துவிட்டான், மனத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள்" என்று வீட்டுப் பெரியவர்கள் சமாதானம் சொல்வதும், புகார் கொண்டுவந்தவர் அதை ஏற்றுக்கொண்டு திரும்பிப் போவதும் நம் வழக்கம். அந்த மன்னிப்பில் கருணை இருக்கிறது. அதை நான் குறை சொல்ல வரவில்லை. ஆனால் உடைந்தது ஒரு கண்ணாடியன்று, ஊரிலுள்ள அத்தனை வீட்டுக் கண்ணாடிகளும் ஒரே இரவில் உடைந்தன என்றும், உடைத்தவன் தன் அறையை விட்டு வெளியே வரவே இல்லை என்றும், அவனுக்கு வயது பதினேழுதான் என்றும் கேள்விப்பட்டால், அப்போதும் விளையாட்டு என்ற சொல்லையே நாம் பிரயோகிக்கலாமா? இணையவழி விளையாட்டுச் சேவைகளின் மீது ஹேக்கர் கூட்டங்கள் நடத்திவந்திருக்கும் தாக்குதல்களின் சரித்திரத்தைப் படிக்கிற எவருக்கும் இந்தக் கேள்வி எழாமல் இராது.

அந்தச் சரித்திரத்தில் மிகவும் பிரசித்தமான அத்தியாயம் 2014-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் தேதி நிகழ்ந்தது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கிறிஸ்துமஸ் மரத்தடியில் இருந்த பரிசுப் பெட்டியைப் பிரித்து, அதிலிருந்த பிளேஸ்டேஷனையோ எக்ஸ்பாக்ஸையோ தொலைக்காட்சியோடு இணைத்துவிட்டு ஆவலோடு உட்கார்ந்த குழந்தைகள், இணைப்புக் கிடைக்கவில்லை என்ற செய்தியையே திரையில் திரும்பத் திரும்பக் கண்டார்கள். பம்பரத்தையும் பந்தையும் போல, வாங்கிவந்த கணமே கையிலெடுத்து ஆடக்கூடிய சாமானன்று இக்காலத்து விளையாட்டு இயந்திரம். அது முதலில் கம்பெனியின் சர்வரைத் தொடர்புகொண்டு, பெயரைப் பதிவுசெய்து, புதிய திருத்தங்களையெல்லாம் இறக்கிக்கொண்ட பிறகே முழுமையாகப் பயன்படும். தூரத்திலிருக்கும் சிநேகிதனோடு சேர்ந்து ஆடுவதற்கோ அந்தச் சர்வரின் வழியன்றி வேறு வழியே கிடையாது. அக்காலத்தில் ஸோனியின் பிளேஸ்டேஷன் நெட்வொர்க்கில் சுமார் 11 கோடிப் பேரும், மைக்ரோஸாப்டின் எக்ஸ்பாக்ஸ் லைவில் சுமார் 4 கோடியே 80 லட்சம் பேரும் பதிவுசெய்திருந்ததாகப் பத்திரிகைகள் எழுதின. இவ்வளவு பெரிய இரண்டு மாளிகைகளின் வாசலையும் ஏககாலத்தில் அடைத்தவர்கள் தாங்களே என்று பகிரங்கமாக அறிவித்துக்கொண்டது, 'லிஸார்ட் ஸ்குவாட்', அதாவது பல்லிப் படை, என்று தனக்குப் பெயர் சூட்டிக்கொண்ட ஒரு சிறு கூட்டம். பண்டிகைக் காலத்தில் இப்படிச் செய்யப்போகிறோம் என்று சில வாரங்களுக்கு முன்பே ட்விட்டரில் எச்சரித்துவிட்டுத்தான் அவர்கள் செய்தார்கள்.

இந்த 'அடைப்பது' என்பது எவ்வாறு நடக்கிறது என்பதைச் சற்று விஸ்தாரமாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் ஹேக்கர் என்றவுடன் பூட்டைத் திறந்து உள்ளே நுழைகிறவன் என்றே நாம் நினைத்துக்கொள்கிறோம். இங்கே எவரும் உள்ளே நுழையவில்லை. ஒரு சிற்றூரின் தபாலாபீஸில் இரண்டே இரண்டு ஜன்னல்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாள் காலை எங்கிருந்தோ பத்தாயிரம் பேர் வந்து வரிசையில் நின்று, ஒவ்வொருவரும் ஜன்னலை அடைந்ததும் ஒன்றும் வாங்காமல் எதையோ விசாரித்துவிட்டு மறுபடி வரிசையின் கடைசியில் போய் நின்றுகொண்டால், மகனுக்கு மணியார்டர் அனுப்ப வந்த கிழவி சாயங்காலம் வரை நின்றும் ஜன்னலைக் காண மாட்டாள். தபாலாபீஸில் ஒரு காசும் களவு போகவில்லை. ஆயினும் அன்று தபாலாபீஸ் இல்லை. சேவை மறுப்புத் தாக்குதல் என்று கணினி சாஸ்திரத்தில் கூறப்படுவது இதுதான். இதிலும் நயவஞ்சகமான ஒரு முறை உண்டு. பெரிய புத்தகக் கம்பெனிகளுக்கெல்லாம் ஒரு கார்டில் ஒற்றை வரி எழுதி, "உங்கள் முழு விலைப்பட்டியலையும் அனுப்புக" என்று கேட்டு, அனுப்புநர் விலாசமாகத் தன் விரோதியின் விலாசத்தை எழுதிவிட்டால், எழுதினவனுக்குச் சில கார்டுகளோடு செலவு தீர்ந்துவிடும். விரோதியின் திண்ணையிலோ மூட்டை மூட்டையாகக் காகிதம் வந்து குவியும். இணையத்தில் நேரம் கேட்டால் நேரம் சொல்லுவதற்கென்றே இருக்கும் நிரபராதியான சர்வர்களை இவ்விதமாகவே பிரயோகித்து, 2013 டிசம்பரிலும் அடுத்த மாதத்திலும் 'டெர்ப் ட்ரோலிங்' என்ற பெயரில் ஒருவன் பல விளையாட்டுக் கம்பெனிகளை ஸ்தம்பிக்கச் செய்தான். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த அந்த இளைஞனுக்கு 27 மாதச் சிறை விதிக்கப்பட்டது 2019-இல்தான்.

பூட்டைத் திறந்து உள்ளே நுழைந்த சம்பவமும் உண்டு. அது 2011 ஏப்ரலில் ஸோனிக்கு நேர்ந்தது. அதற்கு முந்தைய ஆண்டு, பிளேஸ்டேஷன் 3 இயந்திரத்தில் வேறு இயக்க முறைமையை நிறுவிக்கொள்ள அளித்திருந்த உரிமையை அந்தக் கம்பெனி தானாகவே ரத்துசெய்தது. பின்னர் அவ்வியந்திரத்தின் பூட்டை உடைத்த ஜார்ஜ் ஹாட்ஸ் என்ற அமெரிக்க இளைஞர்மீது வழக்குத் தொடுத்தது. அதனால் கோபமுற்ற 'அனானிமஸ்' கூட்டத்தார் ஸோனியின் இணையதளங்களை அடைக்கத் தொடங்கினார்கள். அந்தச் சந்தடியில், ஏப்ரல் 17-க்கும் 19-க்கும் இடையில், யாரோ உள்ளே புகுந்து 7 கோடியே 70 லட்சம் கணக்குகளின் விவரங்கள் இருந்த அறையைத் திறந்துவிட்டார்கள். பெயர், விலாசம், பிறந்த தேதி எல்லாம் அதில் இருந்தன. ஏப்ரல் 20-ஆம் தேதி சேவையை மூடிய கம்பெனி, களவு போன செய்தியை வாடிக்கைக்காரர்களுக்குத் தெரிவித்தது 26-ஆம் தேதி. மே மாதம் முதல் தேதியன்று டோக்கியோவில் கஜுவோ ஹிராய் உள்ளிட்ட மூன்று அதிகாரிகள் பத்திரிகையாளர் முன்னிலையில் எழுந்து நின்று தலை தாழ்த்தி வணங்கி மன்னிப்புக் கேட்டார்கள். மறுநாளே, இன்னும் 2 கோடியே 46 லட்சம் கணக்குகளும் ஆபத்துக்குள்ளானதாகச் சொல்லவேண்டி வந்தது. சேவை ஏறக்குறைய 23 நாள் முடங்கிக் கிடந்தது. நஷ்டம் 1,400 கோடி யென் என்று கம்பெனியே மதிப்பிட்டது. இந்த விவகாரத்தில் தாக்கினவனை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமாகாது என்பது என் அபிப்பிராயம். மென்பொருளை உரிய காலத்தில் திருத்தி வைத்திருந்தால் இந்தக் களவைத் தடுத்திருக்கலாம் என்று கண்டு, பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம் 2013 ஜனவரியில் ஸோனிக்கு 2,50,000 பவுண்டு அபராதம் விதித்தது. கோடிக்கணக்கான மக்கள் நம்பி ஒப்படைத்த பெட்டகத்துக்கு நல்ல பூட்டுப் போடாதவரும் அந்த மக்களுக்குத் துரோகம் செய்தவரே.

மறுபடி பல்லிப் படைக்கு வருவோம். கிறிஸ்துமஸுக்கு நான்கு மாதங்களுக்கு முன்பு, 2014 ஆகஸ்ட் 24-ஆம் தேதி, பிளேஸ்டேஷன் சேவையை அவர்கள் அடைத்த அதே தினத்தில், டல்லஸிலிருந்து ஸான் டியேகோவுக்குப் பறந்துகொண்டிருந்த ஒரு விமானத்தில் வெடிபொருள் இருப்பதாக ட்விட்டரில் எழுதினார்கள். ஸோனியின் இணைய விளையாட்டுப் பிரிவுத் தலைவர் ஜான் ஸ்மெட்லி அதில் பயணம் செய்துகொண்டிருந்தார்; விமானம் பாதி வழியில் பீனிக்ஸ் நகரில் இறக்கப்பட்டது. அதிலே குண்டு இல்லை. ஆயினும் ஆகாயத்தில் இருந்த அத்தனை குடும்பங்களின் பீதியும் உண்மையானது. சேவையை முடக்குவது, விமானத்தை இறக்குவது என்ற இரண்டுக்கும் நடுவே எவ்வளவு தூரம் இருக்கிறது என்று நமக்குத் தெரியும். அறைக்குள் உட்கார்ந்து விசைப்பலகையைத் தட்டுகிறவனுக்கோ இரண்டும் ஒரே விரலசைவு. அந்த விரலசைவின் மறுமுனையில் ஒரு முகம் இருக்கிறது என்பதை அவனுக்கு யாரும் காட்டவில்லை.

கிறிஸ்துமஸ் தாக்குதல் நின்ற விதத்தையும் சொல்ல வேண்டும். மெகா என்ற கோப்புச் சேமிப்புக் கம்பெனியைத் தோற்றுவித்த கிம் டாட்காம், தாக்குதலை நிறுத்தினால் தம் கம்பெனியின் 3,000 சந்தாச் சீட்டுகளை இனாமாகத் தருவதாகச் சொன்னார். அவர்களும் பெற்றுக்கொண்டு நிறுத்துவதாக அறிவித்தார்கள். ஸோனியின் சேவை முழுவதும் சீராவதற்கு மேலும் சில நாளாயிற்று. குழந்தைகளின் பண்டிகையைக் காப்பாற்ற வேண்டும் என்ற நல்லெண்ணத்தை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் வாசலை அடைத்தவனுக்கு விலை கொடுத்தால், அடைப்பதற்கு ஒரு விலை உண்டு என்பதை அவனுக்குக் கற்பித்ததாகிவிடும். அந்தப் பாடம் வீண்போகவில்லை. சில நாள் கழிவதற்குள் பல்லிப் படை ஒரு கடை திறந்தது. மாதம் சுமார் 6 டாலர் முதல் கட்டணம். பணம் கட்டியவர் தாம் விரும்பும் எந்த விலாசத்தையும் சில நொடிகளோ பல மணி நேரமோ இணையத்திலிருந்து தள்ளிவைத்துக்கொள்ளலாம். உபயோகிப்போர் இத்தகைய சேவையை 'ஸ்ட்ரெஸ்ஸர்' என்றும் 'பூட்டர்' என்றும் அழைக்கிறார்கள். இக்கடையின் கூலிப்படை எதுவென்றால், உலகெங்கும் சாதாரண ஜனங்களின் வீடுகளில், தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல் மாற்றப்படாமலே சிமிட்டிக்கொண்டிருந்த ரௌட்டர்கள். இதைப் பத்திரிகையாளர் பிரயன் கிரெப்ஸ் 2015 ஜனவரியில் வெளிப்படுத்தினார். அதே மாதத்தில் அந்தக் கடையே வேறொருவரால் ஹேக் செய்யப்பட்டு, 14,000-க்கும் மேற்பட்ட வாடிக்கைக்காரர்களின் பட்டியல் வெளியாயிற்று. அவர்களுடைய கடவுச்சொற்கள் மறைக்கப்படாமல் அப்படியே எழுதிவைக்கப்பட்டிருந்தன.

அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு பிரிட்டனின் தேசியக் குற்றத் தடுப்பு ஸ்தாபனம் அவ்வாண்டு ஆகஸ்டில் ஆறு பேரைக் கைது செய்தது. அனைவரும் பதினைந்து முதல் பதினெட்டு வயதுக்குட்பட்டவர்கள். பெயர் பதிந்தும் தாக்குதல் எதிலும் ஈடுபட்டதாகத் தெரியாத வேறு சுமார் ஐம்பது பேரின் வீடுகளுக்கும் அதிகாரிகள் நேரில் போய் எச்சரித்துவிட்டு வந்தார்கள். அந்த ஸ்தாபனம் பின்னர் வெளியிட்ட அறிக்கையிலிருந்து ஒரு விவரத்தை வாசகர்கள் கவனிக்க வேண்டும்: 2015-ஆம் ஆண்டில் அது விசாரித்த கணினிக் குற்றங்களில் சந்தேகிக்கப்பட்டவர்களின் சராசரி வயது 17, போதைப்பொருள் வழக்குகளில் அது 37, பொருளாதாரக் குற்றங்களில் 39.

பதினேழு வயதுப் பையன் ஏன் இதற்கு வருகிறான்? பணத்தாசை என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறவர்கள் அந்தப் பருவத்தை மறந்தவர்கள். போட்டியில் தோற்கப்போகிறோம் என்று தெரிந்தவுடன் எதிராளியின் இணைப்பை ஒரு நிமிஷம் அறுத்துவிட்டால் வெற்றி தன்னுடையதாகிவிடும் என்ற அற்ப ஆசையில் சிலர் தொடங்குகிறார்கள். அப்படி ஒரு முறை செய்தவனுக்கு, அதைச் செய்யும் கருவி எப்படி இயங்குகிறது என்று அறியும் ஆவல் பிறக்கிறது. அந்த ஆவலுக்குப் பள்ளிக்கூடத்தில் இடமில்லை, வீட்டில் கேட்பாரில்லை. கேட்பதற்கும் புகழ்வதற்கும் தயாராக, முகந்தெரியாத சகாக்களின் கூட்டம் ஒன்று மட்டும் இரவெல்லாம் விழித்துக் காத்திருக்கிறது. புகழுக்காகச் செய்த காரியம் எப்பொழுது பணத்துக்கான காரியமாக மாறிற்று என்பதை அவனாலேயே சொல்ல இயலாது.

இதற்குச் சிறந்த உதாரணம் 'மிராய்' என்ற நிரலின் கதை. மைன்கிராப்ட் என்னும் விளையாட்டில், சதுரக் கற்களை அடுக்கி வீடும் கோட்டையும் கட்டுவார்கள். சிறு குழந்தைகளும் ஆடுவது. அவ்விளையாட்டுக்கான சர்வர்களைத் தனி நபர்கள் நடத்திக் கட்டணம் வசூலிக்கலாம். கூட்டம் சேர்ந்தால் நல்ல வருமானம் வரும். ஒரு சர்வர் முடங்கினால் அதில் ஆடிக்கொண்டிருந்தவர்கள் பக்கத்துச் சர்வருக்குப் போய்விடுவார்கள். ஆகவே போட்டிக் கடையின் வாசலை அடைப்பது அந்தச் சந்தையில் ஒரு தொழில் தந்திரமாகிவிட்டது. அடைப்பிலிருந்து காப்பாற்றுவதாகச் சொல்லிப் பணம் வாங்குவது இன்னொரு தொழிலாயிற்று. அமெரிக்கக் கல்லூரி மாணவன் பாரஸ் ஜாவும் அவனுடைய சகாக்கள் இருவரும் இந்தச் சந்தையில் வளர்ந்தவர்கள். 2016-இல் அவர்கள் எழுதிய மிராய், இணையத்தில் இணைந்திருந்த கண்காணிப்புக் கேமராக்களையும் ரௌட்டர்களையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, தொழிற்சாலையில் வழக்கமாக வைக்கும் அறுபதுக்குச் சற்று மேற்பட்ட பெயர்களையும் கடவுச்சொற்களையும் முயன்று, திறந்தவற்றையெல்லாம் தன் ஏவலாட்களாக்கிக்கொண்டது. வேறு மாயம் ஒன்றும் அதில் இல்லை. முதல் இருபது மணி நேரத்தில் ஏறக்குறைய 65,000 சாதனங்கள். உச்சத்தில் சுமார் 6 லட்சம். அவ்வாண்டு செப்டம்பரில் கிரெப்ஸின் இணையதளத்தை நொடிக்கு 620 கிகாபிட் வெள்ளத்தால் அடித்ததும், மைன்கிராப்ட் சர்வர்கள் பலவற்றுக்கு இடங்கொடுத்திருந்த பிரெஞ்சுக் கம்பெனி ஓ.வி.ஹெச். மீது அதைவிடப் பெரிய வெள்ளத்தை ஏவியதும் இந்தப் படைதான்.

போலீஸின் கவனம் தங்கள்மீது திரும்புவதை உணர்ந்து, அந்த மாத இறுதியில் அவர்கள் நிரலின் மூலத்தையே பகிரங்கமாக வெளியிட்டுவிட்டார்கள். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்றாயிற்று. மூன்று வாரம் கழித்து, அக்டோபர் 21-ஆம் தேதி, இணைய விலாசங்களைத் தேடிக் கொடுக்கும் டைன் என்ற கம்பெனி தாக்கப்பட்டு, ட்விட்டர், நெட்பிளிக்ஸ் முதலான பெரிய தளங்கள் அமெரிக்காவின் பல பகுதிகளில் பல மணி நேரம் அகப்படாமற் போயின. அந்நிய அரசாங்கம் ஒன்று யுத்தம் தொடங்கிவிட்டதோ என்றுகூட அன்று அச்சம் பரவிற்று. நான்கு ஆண்டுகள் கழித்து, 2020 டிசம்பரில், அத்தாக்குதலில் பங்கு கொண்டதாகக் குற்றத்தை ஒப்புக்கொண்ட ஒருவர் சம்பவ காலத்தில் மைனர். அவரும் சகாக்களும் முடக்க எண்ணியது பிளேஸ்டேஷன் விளையாட்டுச் சேவையை மட்டுமே. ஒரு விளையாட்டை நிறுத்த எறிந்த கல், ஒரு தேசத்தின் செய்தித் தொடர்பின்மேல் போய் விழுந்தது.

மிராயை எழுதிய மூவரையும் விசாரித்தது, அலாஸ்கா மாநிலத்தின் ஆங்கரேஜ் நகரிலுள்ள எப்.பி.ஐ. அலுவலகம். 2018 செப்டம்பரில் அங்குள்ள நியாயஸ்தலம் அவர்களைச் சிறைக்கு அனுப்பவில்லை. ஐந்து ஆண்டு கண்காணிப்பும், 2,500 மணி நேரச் சமூக சேவையும், 1,27,000 டாலர் ஈட்டுத்தொகையும் விதித்தது. அதற்கு முன்பே அவர்கள் அதிகாரிகளோடு உட்கார்ந்து வேறு பல தாக்குதல்களைத் துப்புத் துலக்க உதவியிருந்தார்கள். அந்த உதவி தொடர வேண்டும் என்பதே தண்டனையின் உட்கருத்து. தான் படித்த ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் வலையமைப்பைப் பலமுறை முடக்கியதற்காக ஜாவுக்கு மட்டும் மறுமாதம் தனியே ஆறு மாத வீட்டுக் காவலும் 86 லட்சம் டாலர் ஈட்டுத்தொகையும் கிடைத்தன. குற்றத்தின் பாரத்தை அவர்கள் தோளிலிருந்து யாரும் இறக்கவில்லை. ஆயினும் அந்த வித்தையை எதற்குப் பிரயோகிக்கலாம் என்பதை ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து காட்டினார்.

இனிச் சொல்லப்போவது மனத்துக்கு மிகவும் கஷ்டமான பகுதி. 2014 கிறிஸ்துமஸ் சமயத்தில் பல்லிப் படையின் சார்பாகப் பேசுவதாக பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் முகங்காட்டியவன், பின்லாந்தைச் சேர்ந்த ஜூலியஸ் கிவிமாகி என்ற பதினேழு வயதுப் பையன். சில குழந்தைகள் விளையாட்டை விட்டுக் குடும்பத்தோடு பொழுதைக் கழிக்கும்படி ஆயிற்று, அவ்வளவுதானே, அதற்காகத் தனக்கு வருத்தமில்லை என்ற பொருள்படப் பேசினான். அடுத்த ஆண்டு ஜூலையில், அதற்கு முன் பதினைந்து பதினாறு வயதில் செய்த வேறு கணினிக் குற்றங்களுக்காக, 50,700 குற்றச்சாட்டுகளில் அவன் குற்றவாளி என்று பின்லாந்து நியாயஸ்தலம் தீர்ப்பளித்தது. தண்டனை, இரண்டு ஆண்டுச் சிறை. வயதைக் கருதி அதுவும் நிறுத்திவைக்கப்பட்டது.

பின்லாந்தில் வஸ்தாமோ என்ற மனநல ஆலோசனை ஸ்தாபனம் இருந்தது. பெற்ற தாயிடமும் சொல்லக் கூசுகிற துயரங்களை அங்கே மக்கள் சொன்னார்கள். சிகிச்சை செய்தவர்கள் அவற்றைக் குறித்துவைத்தார்கள். சுமார் 33,000 பேரின் அந்தக் குறிப்புகள் களவாடப்பட்டிருந்த விஷயம் 2020 அக்டோபரில் வெளிப்பட்டது. களவாடியவன் ஸ்தாபனத்திடம் 40 பிட்காயின் கேட்டான். கிடைக்காமற் போகவே, நாளுக்கு நூறு பேர் வீதம் அவர்களுடைய அந்தரங்கத்தை இணையத்தில் வெளியிடத் தொடங்கினான். பிறகு நோயாளிகள் ஒவ்வொருவருக்கும் நேரே கடிதம் எழுதி, 200 யூரோ தராவிட்டால், தாமதித்தால் 500 யூரோ தராவிட்டால், உன் ரகசியத்தை ஊரறியச் செய்வேன் என்று மிரட்டினான். ஆபத்தில் உதவி தேடிப் போனவரைப் பார்த்து, நீ உதவி தேடியதே உன் குற்றம் என்று சொல்வதைப் போன்ற கொடுமை இதற்கு மேல் ஒன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. வஸ்தாமோ திவாலாயிற்று. 2023 பிப்ரவரியில் பாரீஸுக்கு அருகில் கைது செய்யப்பட்ட கிவிமாகி, குற்றத்தை மறுத்து வாதாடினான். 2024 ஏப்ரல் 30-ஆம் தேதி மாவட்ட நியாயஸ்தலம் அவனைக் குற்றவாளி என்று கண்டு ஆறு ஆண்டு மூன்று மாதச் சிறை விதித்தது. அத்தீர்ப்பை எதிர்த்து அவன் மேல்முறையீடு செய்தான்.

இரண்டே இரண்டு வழக்குகளை அருகருகே வைத்து ஒரு விதியை வகுத்துவிட முடியாது. அலாஸ்காவின் வழி எல்லோரையும் திருத்திவிடும் என்றும் நான் சொல்லவில்லை. ஆனால் பிளேஸ்டேஷன் முடங்கியபோது "பொம்மைதானே" என்று நாம் அலட்சியமாகக் கடந்துபோனோம் என்பது உண்மை. அந்த அலட்சியத்தில் இரண்டு தவறுகள் அடங்கியிருந்தன: நேர்ந்த தீங்கைச் சிறிதென்று எண்ணினோம், அதைச் செய்தவனையும் சிறியவன் என்றே எண்ணினோம். அவன் கையிலிருந்த வித்தையின் அளவை அவனுடைய சகாக்கள் அறிந்திருந்தார்கள், பெரியவர்கள்தாம் அறியவில்லை.

நம் ஊர்களிலும் இன்று வீட்டுக்கு வீடு ரௌட்டர் இருக்கிறது. கடைக்குக் கடை, தெருவுக்குத் தெரு கண்காணிப்புக் கேமரா இருக்கிறது. பொருத்திவிட்டுப் போன ஆள் வைத்த கடவுச்சொல் எது என்று வீட்டுக்காரருக்கே தெரியாமல் பல ஆண்டு ஓடுகின்றன. மிராய் போன்ற நிரல் புகுந்திருந்தால், சாதனத்தை அணைத்து மறுபடி போட்டதும் அது நினைவிலிருந்து அழிந்துவிடும். ஆனால் கடவுச்சொல் பழையதாகவே இருந்தால் சில நிமிஷத்தில் திரும்பி வந்துவிடும். ஆகையால் இதைப் படிக்கும் வாசகர்களை வேண்டிக்கொள்கிறேன்: இன்று சாயங்காலமே அந்தப் பெட்டியின் கடவுச்சொல்லை மாற்றிவிடுங்கள். எப்படி மாற்றுவது என்று தெரியாவிட்டால், வீட்டில் விளையாடிக்கொண்டிருக்கும் பையனையோ பெண்ணையோ கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேளுங்கள், அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.